மூன்றாம் மேசை ரிசல்ட்

விட்டுக்கொடுக்கலாம். அதில் தப்பே இல்லை. இந்த ஆட்டம் எனக்குத் தேவையில்லை, எதிரில் இருப்பவருக்குத்தான் தேவை என்று தோன்றினால், ஒரு கார்டுகூட இறக்காமல் "நீங்க ஜெயிச்சதா வச்சுக்கலாம்" என்று கைகுலுக்கிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் அதற்குப் பதிலாக எதுவும் வாங்கக் கூடாது. தருகிறேன் என்று சொல்லவும் கூடாது. ஒரு டீ என்றாலும் கூடாது. தருகிறேன் என்றவரும் வெளியே, சரி என்றவரும் வெளியே. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பிறகு கையைப் பிசைந்துகொண்டு நின்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

ஒவ்வொரு போட்டியிலும் கடைசி ரவுண்டு தொடங்கும் முன் இதை அறிவிப்பது என் வேலை. எட்டு வருடம் அறிவித்தேன். போட்டி நடக்கும் கடையில் எனக்கு 'சட்டக்கா' என்று பட்டப்பெயர். என் காதில் விழாது என்று நினைத்துத்தான் சொல்வார்கள். விழும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நான் ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். வார்டுகளிலிருந்து வரும் ரத்தக் குழாய்களை வாங்கி, குழாயில் ஒட்டியிருக்கும் பெயரும் படிவத்தில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பேன். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். மறுபடியும் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டுமே என்று நர்சுகள் போனில் வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். வாங்கட்டும். ஆள் மாறி ரத்தம் ஏறினால் போகிற உயிர் அவர்களுடையது இல்லையே. இப்படி ஒரு ஆளுக்குக் கார்டு விளையாட்டில் என்ன வேலை என்று கேட்டால், எல்லாம் என் தம்பியால் வந்த வினைதான்.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இருவர் மட்டுமே ஒரு வீட்டில் இருந்தோம். இருபது வயதில் அவனுக்கு இந்தப் பித்து பிடித்தது. ஸ்டேஷனரிக் கடை ஒன்றின் மாடியில், மடக்கு மேசைகள் போட்டு, படம் போட்ட கார்டுகளை வைத்து வளர்ந்த ஆட்கள் நாள் முழுக்க ஆடுகிறார்கள் என்றதும், எந்த மாதிரி கும்பலோ என்று வேவு பார்க்கத்தான் முதலில் போனேன். பார்த்தால் ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார், ஒருத்தி நர்சிங் படிக்கிறாள், ஒருவர் பல் டாக்டர். எல்லோரும் பரீட்சை எழுதுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பொழுது போகாமல் அங்கே கிடந்த விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். இருநூறு பக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டேன். அடுத்த வருடம் பரீட்சை எழுதி நடுவர் ஆகிவிட்டேன். இன்றுவரை எனக்கு அந்த ஆட்டம் ஆடத் தெரியாது. ஆடுகிறவர்கள் எங்கே தப்பு செய்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

தம்பியின் பட்டப்பெயர் 'ரசமட்டம்'. அவன் மேசையில் கார்டுகளை வைத்தால் கோடு போட்ட மாதிரி இருக்கும். டைல் ஒட்டுகிற கை அல்லவா, கால் அங்குலம் விலகினாலும் அதற்குப் பொறுக்காது. சுமாரான ஆட்டக்காரன்தான். ஆனால் அவனோடு ஆடித் தோற்றவர்கள்கூட அவன் தோளில் கை போட்டுக்கொண்டுதான் எழுந்து வருவார்கள். வாங்குகிற கை இல்லை அவனுக்கு. யாராவது ஒரு கார்டு இரவல் கொடுத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே இன்னொன்றை வைத்துக் கொடுப்பான். அது அம்மாவிடமிருந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பாத்திரம் எங்கள் வீட்டிலிருந்து ஒருநாளும் காலியாகத் திரும்பிப் போனதில்லை. எனக்கு அந்தக் குணம் ஒட்டவில்லை, அவனுக்கு ஒட்டிக்கொண்டது.

போன வருட ஆரம்பத்தில் வேலை இடத்தில் கலவை வாளியில் இடறி விழுந்தான். அடுத்த வாரம் சாரத்தில் இடித்துக்கொண்டான். மேஸ்திரி அவன் வாயை ஊதச் சொல்லிப் பார்த்திருக்கிறார். காபிகூட ஒழுங்காகக் குடிக்காதவனை. எனக்கு வந்த கோபத்தில் மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டுக் கிழித்துவிட்டேன். பிறகுதான் நிதானமாக யோசித்து, அவனைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"நடுவுல பார்வை நல்லாவே இருக்கும்மா. ஓரத்துலேர்ந்து அடைச்சுக்கிட்டு வருது. போகப்போக ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி ஆகிடும். அப்புறம் அந்தக் குழாயும் சின்னதாகும்" என்றார் டாக்டர்.

"மருந்து?"

"இதுக்கு இல்ல."

"எவ்வளவு நாள் இருக்கு?"

"ஒரு வருஷம் சமாளிச்சுடலாம். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

தெருவுக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். நான் அழுகையை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் திறந்தான்.

"அக்கா, இந்த வருஷம் எப்படியாவது உலகப் போட்டிக்குத் தேறிடணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணு போகப்போகுதுங்கறாரு, உனக்கு இப்போ கார்டு ஆட்டமா முக்கியம்?"

"கண்ணு போறதுக்குள்ளதான்க்கா. ஜெயிக்கல்லாம் வேணாம். முதல் நாளே எல்லா ஆட்டமும் தோத்துட்டு வந்துடறேன். அந்த ஹாலுக்குள்ள கழுத்துல பேர் அட்டை மாட்டிக்கிட்டு ஒரு தடவ நடக்கணும். ஆயிரம் மேசை போட்டிருப்பாங்களாம். இந்தக் கோடிலேர்ந்து பாத்தா அந்தக் கோடி தெரியாதாம். எனக்கு அதக் கண்ணால பாத்துடணும்."

"டிக்கெட் வாங்கி வேடிக்கை பாத்துட்டு வரலாமே."

"கல்யாண வீட்டுக்குள்ள போறதும் ஜன்னல் வழியா பாக்கறதும் ஒண்ணாக்கா?"

பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

தேறுவதற்கு ஒரு வருடத்தில் நானூறு புள்ளி சேர்க்க வேண்டும். சின்னப் போட்டிகளில் பத்து, பதினைந்து என்று கிடைக்கும். பெரியதில் கொஞ்சம் கூட. வாரம் தவறாமல் போனான். வேறு ஊர்களுக்கும் போனான், துணைக்கு நானும் போனேன். தகரக் கூரை போட்ட ஹால், பள்ளிக்கூட வகுப்பறை, ஒரு தடவை மூடிக் கிடந்த சினிமா தியேட்டர். நடுவர் என்ற முறையில் ஆட்டம் நடக்கும்போது எனக்கு அவன் மேசைப் பக்கம் போக உரிமையில்லை. உறவுக்காரர் ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது விதி. தூரத்தில் நின்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜெயித்தால் இடது கையால் தலையைச் சொறிவான். அப்படித்தான் எனக்குத் தெரியும். மார்கழிப் பனியோ சித்திரை வெயிலோ எதுவும் பார்க்காமல் அலைந்து முந்நூற்று எண்பது சேர்த்துவிட்டான். இருபது பாக்கி. அந்த வருடத்தின் கடைசிப் போட்டி எங்கள் கடை மாடியிலேயே நடந்தது. முதல் எட்டு பேருக்குள் வந்தால் இருபத்தைந்து புள்ளி.

அன்று ஐந்து ரவுண்டு. முதல் நான்கில் மூன்று ஜெயித்து ஒன்றில் தோற்றிருந்தான். கடைசி ரவுண்டையும் ஜெயித்தால் எட்டுக்குள் வந்துவிடலாம், தோற்றால் இல்லை. யார் யாரோடு ஆட வேண்டும் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் மேசையில் ரசமட்டத்துக்கு எதிரில் பன் அண்ணன்.

பன் அண்ணன் என்றால் அந்தப் பேக்கரிக்காரர். எங்கள் கடையிலேயே நல்ல ஆட்டக்காரர் அவர்தான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைந்துவிட்டு வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே எல்லோரையும் தோற்கடிப்பார். உலகப் போட்டிக்கு அவர் இரண்டு மாதம் முன்பே தேறிவிட்டார். பட்டியலைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. அவருக்கு இந்த ஆட்டம் தேவையே இல்லை. தம்பியின் கண் விஷயமும் அவருக்குத் தெரியும். அவர் விட்டுக்கொடுத்துவிடுவார் என்று எனக்கு மட்டுமில்லை, அந்த மாடியில் இருந்த நாற்பது பேருக்கும் தெரியும்.

வழக்கம்போல நாற்காலி மேல் ஏறினேன். "விட்டுக்கொடுக்கறவங்க தாராளமா விட்டுக்கொடுக்கலாம். பதிலுக்கு எதுவும் பேசக் கூடாது. ரிசல்ட் தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எங்க கையில குடுத்த பிறகு விருந்தே வச்சுக்குங்க. அதுக்கு முன்னாடி வாயைத் தொறக்காதீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

ரவுண்டு தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் மேசைகளுக்கு நடுவில் தாள்களை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் மேசையில் தீர்ப்புச் சொல்லத்தான் எனக்கு உரிமையில்லை, முடிந்த தாளை வாங்கலாம். தம்பியின் இடது பக்கம், ஒரு கை தூரத்தில் போய் நின்றேன்.

"எனக்கு எடம் எப்பவோ கெடச்சுடுச்சு தம்பி. இது உனக்குத்தான் வேணும். எடுத்துக்க" என்று பன் அண்ணன் பேனாவைத் திறந்தார். தாளில் பேனாவை ஊன்றினார். அதற்குள் பின் மேசையிலிருந்து யாரோ அவர் சட்டையைப் பிடித்து ஏதோ கேட்டார்கள். பேனா ஊன்றிய இடத்திலேயே நிற்க, அவர் திரும்பி ஒரு வார்த்தை பதில் சொன்னார்.

தம்பிக்குக் கண் கலங்கியிருந்தது. "அண்ணே, இத நான் மறக்கவே மாட்டேன். எங்கிட்ட அந்தத் தங்க ஓரம் போட்ட கார்டு இருக்குல்ல, அது இனிமே உங்க பொண்ணோடது. நாளைக்கே கொண்டாந்து குடுத்துடறேன்" என்றான்.

"சரிப்பா, குடு. அவ ஆசைப்பட்டுக்கிட்டே இருந்தா" என்று பன் அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாளைப் பார்த்தார். அதில் பேனா ஊன்றிய ஒரு புள்ளி மட்டும் இருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

வேறு யாருக்கும் கேட்கவில்லை. மாடி முழுக்கச் சத்தம். கேட்டவள் நான் ஒருத்திதான்.

நான் என்ன நினைத்தேன் என்று பல பேர் பிறகு கேட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், நான் அந்த நர்சிங் படிக்கும் பெண்ணை நினைத்தேன். இரண்டு வருடம் முன்பு, இதே போலக் கடைசி ரவுண்டில், அவளுடைய தோழி விட்டுக்கொடுத்தபோது "உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்டி" என்றாள். இரண்டு பேரையும் வெளியேற்றினேன். மாடிப்படியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையைக் கேட்டுக்கொண்டே மீதித் தாள்களை அடுக்கினேன். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இன்று இதை விழுங்கிவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி விழிப்பது? அவள் அன்றும் ஏழாம் மேசையில் ஆடிக்கொண்டிருந்தாள்.

கால்கள் தானாக மாடி ஓரத்துக் கல்லாப் பக்கம் போயின. கடைக்காரர்தான் தலைமை நடுவர். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "மூணாவது மேசையில..." என்று ஆரம்பித்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனிதர்.

"நான் எதையும் கேக்கலம்மா. நீங்க எதாவது கேட்டீங்களா?" என்றார். நிறுத்தி, இன்னொரு தடவை, மெதுவாகக் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அறிக்கைப் படிவத்தை எடுத்து என் முன் தள்ளினார். யார், என்ன வார்த்தை, எதிராளி என்ன பதில் சொன்னார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அப்படியே எழுதி, போட்டிகளை நடத்தும் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் கட்டத்தில் தம்பியின் பெயரை எழுதினேன். இரண்டாவதில் அவன் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதினேன். கை நடுங்கவில்லை.

தம்பி மேசைகளைத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டு வந்தான். பதற்றத்தில் அப்படி வருகிறான் என்று நினைத்தேன்.

"அக்கா, எழுதறியா?"

"ஆமா."

"அண்ணன் சொன்னத மட்டும் எழுதாதக்கா. அவர் ஒரு பேச்சுக்குச் 'சரி'ன்னாரு. எழுதினா அவரோட எடமும் போயிடும். எனக்கு நல்லது பண்ண வந்த மனுஷன்."

மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் எதுவும் சொல்லவில்லை. பன் அண்ணன் தூரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'எதிராளி பதில் எதுவும் சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பொய் அது.

"தேங்க்ஸ்க்கா" என்றான் தம்பி. போய்த் தன் பையை எடுத்துக்கொண்டான். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு வெளியே போனான்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாலை வெயில் ஜன்னல் வழியாக அவன் மடியில் விழுந்தது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. துக்கம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

"எட்டு வருஷமா தொண்ட கிழியக் கத்தறேனே. நீ வாயைத் தொறக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிகூடச் சொன்னேனேடா. அந்த வாயை ஒரு நிமிஷம் கட்டிக்கிட்டு இருக்க முடியாதா உனக்கு?"

"கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டாருன்னு நெனச்சேன்க்கா."

"பேனா அசையவே இல்லையேடா."

"பேனா தாள்ல எறங்கினது தெரிஞ்சுது. நான் அவர் மூஞ்சியப் பாத்தேன். மூஞ்சியப் பாத்தா கை தெரியாது எனக்கு. கையப் பாத்தா மூஞ்சி தெரியாது. ரெண்டுல ஒண்ணுதான்." ஏதோ பழைய விஷயம் சொல்வது போலச் சொன்னான். "நன்றி சொல்றப்போ மூஞ்சியத்தானே பாக்கணும்."

"நான் பக்கத்துலேயே நின்னுக்கிட்டிருந்தேனே. என்னப் பாத்தாவது..."

"நீ எங்க நின்ன?"

எனக்கு உயிரே நின்றுவிட்டது. ஒரு கை தூரம். நான் நீட்டியிருந்தால் அவன் வாயைப் பொத்தியிருக்கலாம்.

"எவ்வளவு நாளாடா இப்படி?"

"மூணு மாசம் இருக்கும். திடீர்னு ரொம்பச் சுருங்கிடுச்சு. சொன்னா வெளியூர்ப் போட்டிக்கெல்லாம் விட மாட்ட. அதான் சொல்லல."

பெயர் எழுதாத ரத்தக் குழாயைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பவள் நான். ஒரே வீட்டில் இருக்கிற தம்பி முக்கால் குருடாகிவிட்டதைக் கண்டுபிடிக்கவில்லை. அவன் சோற்றைத் தட்டிவிட்டபோது 'கவனம் எங்கே' என்று திட்டியிருக்கிறேன். வாசல் செருப்பில் இடறியபோது செருப்பை ஒழுங்காகக் கழற்றாததற்கும் திட்டியிருக்கிறேன். பஸ் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

மறுநாளே மேலிடத்துக்கு எழுதினேன். கண் டாக்டரின் சான்றிதழ், பரிசோதனைத் தாள், அவன் என்ன பார்த்தான், என்ன பார்க்கவில்லை என்று மூன்று பக்கம். பத்து நாளில் நாலு வரியில் பதில் வந்தது. சம்பவத்தை நேரில் கேட்ட நடுவரின் அறிக்கை தெளிவாக இருக்கிறதாம். நோக்கம் என்ன என்பதை விதி கணக்கில் எடுப்பதில்லையாம். ஓராண்டுத் தடை. எதிராளி பதில் சொல்லாததால் அவர் மேல் நடவடிக்கை இல்லை. நானே எழுதியிருந்தாலும் ஒரு வரி மாறாமல் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

பன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உலகப் போட்டிக்குத் தானும் போகப் போவதில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். தம்பிதான் அவரை வற்புறுத்தினான். "நீங்களும் போகலன்னா அது எதுக்குண்ணே வீணாப் போகணும்? போய் எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க" என்றான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது, தங்க ஓரம் போட்ட அந்தக் கார்டை உறையோடு எடுத்து அவர் பையில் போட்டான். அவர் வேண்டாம் என்று பதறினார். "இப்போ யாரு என்ன பண்ண முடியும், அதான் தடையே பண்ணிட்டாங்களே" என்று இவன் சிரித்தான்.

நான் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நடுவர் அட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டேன். தம்பி டைல்ஸ் வேலையை விட்டுவிட்டு, ஒரு குடோனில் உட்கார்ந்த இடத்தில் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலைக்குப் போகிறான். காலையில் நான் கொண்டுபோய் விடுவேன். கைத்தடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தெரு முனைவரை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொள்வான், தெரிந்தவர்கள் தாண்டிய பிறகுதான் எடுப்பான்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, பன் அண்ணன் அந்த ஹாலிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டார். கழுத்தில் பேர் அட்டை தொங்கியது. "தம்பி, இரு, காட்டறேன்" என்று போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

தம்பி போனைக் கையில் வைத்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் வைத்தால் அவனுக்கு ஒரு மூலைதான் தெரியும். அதைச் சாப்பாட்டு மேசையில் டம்ளருக்கு முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முதுகு முட்டும்வரை போனான். அவ்வளவு தூரம் போனால்தான் அந்தச் சின்னத் திரை முழுசாக அவன் கண்ணுக்குள் வரும். மேசைகள். வரிசை வரிசையாக, வெள்ளைத் துணி போட்டு, நம்பர் வைத்து, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன.

"நேரா இருக்காக்கா? வரிச நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு."

"மேல பாருங்கண்ணே, கூரையக் காட்டுங்க" என்று கத்தினான். அவர் காட்டினார். அங்கே ஏதோ அறிவிப்பு கேட்டது. "கூப்பிடறாங்க தம்பி, முதல் ரவுண்டு. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

திரை அணைந்த பிறகும் அவன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். நான் டம்ளரை எடுத்துக் கழுவப் போனேன்.

"அக்கா."

"சொல்லு."

"அன்னிக்கு அண்ணன் 'சரி'ன்னு சொன்னத நீ எழுதலல்ல?"

"நீதானே எழுதாதன்னு கேட்ட."

"ஆமா. நான் கேட்டேன், நீ விட்டுட்ட." என் பக்கம் திரும்பினான். "எனக்காகவும் கேட்டிருந்தா விட்டிருப்பியாக்கா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பார்வை நேராக என் முகத்தில்தான் இருந்தது. அப்படிப் பார்க்கும்போது அவனுக்கு என் கை தெரியாது. நல்லவேளை. டம்ளரைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டிருந்தது.

"மாட்டேன்டா. உன் விஷயத்துல எப்படி விடுவேன்? தப்பு தப்புதானே" என்றேன்.

"அதானே பாத்தேன். சட்டக்கா விடுவாளா" என்று சிரித்தான். அவன் தோள்கள் இறங்கின. கேட்டிருக்கலாமோ என்பது இத்தனை மாதமாக அவன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது போலிருக்கிறது. சுவரைத் தடவிக்கொண்டே தன் அறைக்குப் போனான். போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.

அன்று கல்லாவில் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். 'என்னையும் விட்டுடுக்கா' என்று ஒரே ஒரு தடவை அவன் சொல்லியிருந்தால், அந்தப் படிவத்தை நாற்பது பேர் பார்க்கக் கிழித்து வாயில் போட்டு விழுங்கியிருப்பேன்.